வலைப்பூ ஆரம்பித்தால் எத்தனை நாள் ஓடும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பட்டரவாக்கம் பாசஞ்சர்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிச்சல் வந்தது.

வீடு பெரம்பூர். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். காலையில் பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. காலேஜ் படிக்கும்போதிலிருந்தே சிறுகதை எழுதுகிறேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் பெரும்பாலும் பதிலே வராது. ஒன்றிரண்டு வந்திருக்கிறது. தோழி ஒருத்தி, "எதுக்குடி காத்துக்கிட்டு இருக்கே, சொந்தமா ஒரு பிளாக் ஆரம்பி" என்கிறாள். வீட்டுக்காரர், "இப்ப யாரு பிளாக் படிக்கிறாங்க, ரீல்ஸ் போடு" என்கிறார்.

ஆரம்பிப்பது பெரிய வேலை இல்லை என்று தெரியும். பயமெல்லாம் அப்புறம் என்ன ஆகும் என்பதில்தான். ஆசையாக ஆரம்பித்து அப்படியே போட்டுவிட்டுப் போன பிளாக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பதிவு "அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்" என்று இருக்கும். எந்தப் பொங்கல் என்று பார்த்தால் ஏழெட்டு வருஷத்துக்கு முந்தியது.

பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா, இல்லை காசு கொடுத்துச் சொந்த முகவரியா? கதைகளை அதில் போடலாமா? கதையைத் தவிர வேறு என்ன எழுதுவது என்பதும் புரியவில்லை. ரயில், ஆபீஸ், வீடு, இவ்வளவுதான் என் உலகம். தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர், அவர் சொன்னது கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான்.

அடையாறு ஆலமரம்

முகநூலில் எழுதுங்கள் சகோதரி. ஆள் நடமாட்டம் அங்கேதான் இருக்கிறது. பிளாக் எல்லாம் 2010-ஓடு முடிந்த கதை.

ஈய எழுத்து

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் சரி, தோழி சொல்வதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு வாசகரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. திருவல்லிக்கேணியில் புரூஃப் ரீடர். கம்பாஸிட்டர்கள் ஈய எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த காலத்தில் அச்சகத்துக்குள் நுழைந்தவன். இப்போது பி.டி.எஃப்பில் மஞ்சள் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2006-லிருந்து ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன், இன்னும் ஓடுகிறது. பெரிய கூட்டம் கிடையாது. ஆனால் ஓடுகிறது.

அந்த நாளில் வாசகரைத் தேடி அலைய வேண்டாம். எல்லா வலைப்பூக்களின் புதுப் பதிவையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற, 2004-இல் வந்த தமிழ்மணம் திரட்டியில் சேர்ந்துவிட்டால், பதிவு போட்ட கொஞ்ச நேரத்தில் முகப்பில் தெரியும். பின்னூட்டம் கொட்டும். சண்டையும் கொட்டும். பாதிப் பேர் எழுதியதே அந்தப் பின்னூட்டத்துக்காகத்தான். பிறகு முகநூல் வந்தது, ட்விட்டர் வந்தது. பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்க வைத்திருந்த கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடப்பட்டது. கைதட்டல் வேறு தெருவுக்குப் போனதும் எழுதியவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். அதில் தப்பில்லை. யாருக்குத்தான் கைதட்டல் பிடிக்காது.

போகாமல் நின்றவர்கள் யார் என்று பார்த்தால், கையில் ஏதாவது ஒரு விஷயம் வைத்திருந்தவர்கள். ஒருவர் கல்வெட்டு, ஒருவர் பறவை, இன்னொருவர் பழைய பாட்டுப் புத்தகம், ஒரு அம்மா ஊறுகாய். "என் எண்ணச் சிதறல்கள்" என்ற மாதிரிப் பெயர் வைத்தவை எல்லாம் சீக்கிரமே சிதறிவிட்டன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முகநூல் பதிவின் ஆயுசு தினசரிக் காலண்டர் தாள் மாதிரி. அன்றைக்குள் கிழித்தாகிவிடும். நீங்களே போன வருஷம் எழுதிய ஒன்றை அதில் தேடிப் பாருங்கள், தெரியும். வலைப்பூவுக்கு இன்றைக்கு வருகிறவர் குறைவு. ஆனால் ஐந்து வருஷம் கழித்து ஒருவர் நடுராத்திரியில் ஏதோ ஒன்றைக் கூகுளில் தட்டித் தேடுவார். அவருக்கு உங்கள் பக்கம் கிடைக்கும். அந்த ஆளை நினைத்து எழுதினால் தாக்குப்பிடிக்கலாம். லைக்கை நினைத்து எழுதினால் மூன்று மாதம்தான்.

என் விஷயத்தையே சொல்கிறேன். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று எழுத்துகளுக்குப் பழைய வடிவம் போய், இன்றைக்கு நாம் எழுதுகிற வடிவம் வந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அச்சகத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் எங்கேயும் இல்லை. ஈய எழுத்து வாங்கும்போது ஒவ்வொரு எழுத்தும் இவ்வளவு என்று ஒரு கணக்கில்தான் வரும். தமிழில் எது அதிகம் வருமோ அது அதிகம். பழைய கணக்கில் "லை", "னை" எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வைத்துத் தனித்தனி அச்சாக இருந்தன. ஆணைக்குப் பிறகு அவற்றுக்கும் "கை", "தை"க்குப் போடுகிற அதே இணைக் கொம்புதான். "இல்லை", "வேலை", "அவனை", "துணை" எல்லாவற்றுக்கும் கொம்பு வேண்டும். கேஸில், அதாவது எழுத்து வைக்கிற அறைப் பெட்டியில், இருந்த கொம்போ பழைய கணக்குக்கு வாங்கியது. ஒரு ஃபாரம், அதாவது ஒரே தடவையில் அச்சடிக்கிற பக்கங்கள், பாதி கோக்கும்போதே தீர்ந்துவிடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், முடிந்த பக்கத்தைப் பிரித்து அதிலிருந்து கொம்பை மட்டும் பொறுக்கி எடுத்து அடுத்த பக்கத்துக்குப் போடுவாராம். சின்ன அச்சகம், புது எழுத்து வாங்கக் காசில்லை. கல்யாணப் பத்திரிகை என்றால் கவலையே இல்லை, பழைய தும்பிக்கைதான். "பெரியவங்க இதுதான் மங்களம்னு சொல்றாங்க" என்று கட்சிக்காரர் தலையில் போட்டுவிடுவார்கள்.

இதை எழுதிப் போட்டேன். யாரும் சீண்டவில்லை. "அருமை" என்று ஒரே ஒரு பின்னூட்டம், அதுவும் படித்துவிட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து எழுத்துரு வடிவமைக்கிற ஒரு பையன் மின்னஞ்சல் அனுப்பினான். பழைய தும்பிக்கை "லை"யைக் கணினியில் கொண்டுவர வேலை செய்கிறானாம். தேடினால் என் பக்கம் மட்டும்தான் வந்தது என்றான். வீட்டுக்கே வந்து, நான் வைத்திருந்த, எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கையும் நாலைந்து எழுத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியதே அடுத்த சில பதிவுகள் ஆயின. பதிவு போட்டால் ஆள் வரும், ஆள் வந்தால் கேள்வி வரும், கேள்வியிலிருந்து அடுத்த பதிவு. என் வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "தாத்தா பின்னி மில்லில் இருந்தவர், அவ்வளவுதான்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது அந்த மில் ஆட்களுக்காகத்தான். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921 வேலைநிறுத்தம், அதை ஒட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரம், 1996-இல் மில் மூடியது, இதெல்லாம் தேடினால் யாருக்கும் கிடைக்கும். ஷிப்டு முடிந்து வந்தால் தாத்தாவுக்குக் காது எப்படி இருந்தது, வீட்டில் கத்திப் பேசுவாரா, மில் சங்கு ஊதினால் பாட்டி அடுப்பில் என்ன வைப்பார், பின்னி காக்கித் துணி வீட்டில் எதற்கெல்லாம் ஆயிற்று, மில் மூடின பிறகு காலையில் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார்? இதை எந்த நூலகத்திலும் தேட முடியாது. உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. பாட்டி இருக்கிறாரா? இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தேதி, பெயர் சரிபார்க்க எழும்பூர் கன்னிமாராவுக்குப் போகலாம். 1896-இல் திறந்தது. நாட்டில் வெளியாகிற புத்தகத்தில் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று, 1954-இலிருந்து சட்டமே அப்படி. பழைய தமிழ்ப் பத்திரிகை வேண்டும் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். ஒரு விஷயத்துக்காக இங்கெல்லாம் போனால் மூன்று விஷயத்தோடு திரும்புவீர்கள்.

எப்படி விடாமல் எழுதுவது என்று கேட்டால், முதலில் சபதம் போடாதீர்கள். "இனி வாரம் ஒரு பதிவு" என்று அறிவித்தவர்கள்தான் முதலில் காணாமல் போனார்கள். நாலைந்து பதிவு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் முதலாவதைப் போடுங்கள். கையில் சரக்கு இருந்தால் பதற்றம் வராது. ஒன்றை முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது அடுத்ததன் முதல் இரண்டு வரியை எழுதிவிட்டு எழுந்திருங்கள். வெள்ளைப் பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டம், பாதி எழுதினதில் உட்காருவது சுலபம். பழைய பதிவுக்குப் புதுத் தகவல் கிடைத்தால் தேதி போட்டு அடியிலேயே சேர்த்துவிடுங்கள். அதுவும் எழுத்துதான். மாதக்கணக்கில் ஒன்றும் போடவில்லை என்றால் "மன்னிக்கவும், வேலைப்பளு" என்று விளக்கம் எழுதாதீர்கள். நீங்கள் வராததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நீங்களே ஏன் காட்டிக்கொடுக்கிறீர்கள்.

வருகைக் கணக்கைத் தினமும் பார்க்காதீர்கள், அதில் மனுஷன் எத்தனை, ரோபோ எத்தனை என்று கடவுளுக்கே வெளிச்சம். காசு விஷயம்: 2018 பிப்ரவரியிலிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் உண்டு. நானும் போட்டுப் பார்த்தேன். டீ, பொறைக்குக்கூடக் காணவில்லை, எடுத்துவிட்டேன்.

சர்வர் ரூம்

ஈய எழுத்து அண்ணன் எழுதியதற்கு மேல் எழுத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. டெக்னிக்கல் பக்கம் மட்டும்.

பிளாக்கரே போதும். இலவசம். சொந்த முகவரி வேண்டும் என்று பிறகு தோன்றினால் அதை வாங்கி பிளாக்கரிலேயே இணைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, முகவரிக்கு வருஷா வருஷம் கட்டுகிற பணம் மட்டும்தான். வேர்ட்பிரஸ் டாட் காமில் இலவசத் திட்டம் எடுத்தால் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த முகவரி இணைக்கக் காசு கட்ட வேண்டும். தனியாக ஹோஸ்டிங் (சர்வரில் வாடகை இடம்) எடுத்து வேர்ட்பிரஸ் போடுவது இப்போதைக்கு வேண்டாம். அப்டேட், ஸ்பாம், பிளகின் என்று அதுவே ஒரு உத்தியோகம், நீங்கள் கதை எழுத மாட்டீர்கள். சொந்த முகவரி வாங்கினால் புதுப்பிக்கிற தேதியை மறக்காதீர்கள். விட்டுவிட்டால் வேறு யாராவது வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போடுவான். நிறையப் பழைய தமிழ்த் தளங்கள் இன்றைக்கு அப்படித்தான் கிடக்கின்றன.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் அந்தப் பக்கத்தின் முகவரி "பிளாக்-போஸ்ட்" என்று பொதுவாக ஆகிவிடும், அடுத்தது "பிளாக்-போஸ்ட்_12" என்று போகும். எது எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது. வெளியிடுவதற்கு முன்னாலேயே வலப்பக்கம் "பெர்மாலிங்க்" என்று இருப்பதைத் திறந்து, ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் இதற்கு நேர் எதிர், தமிழ்த் தலைப்பு முழுசும் முகவரிக்குள் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும். பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்.

செட்டிங்ஸில் "பேக் அப் கன்டென்ட்" என்று இருக்கிறது. எப்போதாவது அதை அழுத்தி ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் பின்னூட்டமும் அதில் வந்துவிடும், படங்களுக்கு அதை நம்பாமல் மூலப் படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வையுங்கள். முக்கியமான பதிவு என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். உங்கள் கணக்கு போனாலும் அது நிற்கும்.

டைப் செய்வது யூனிகோடாக இருந்தால் போதும், இப்போது எல்லாமே அதுதான். டி.டி.பி. கடைக்காரர் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் மட்டும் கட்டம் கட்டமாக வரும், மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

நங்கநல்லூர் கதைக்காரி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஈய எழுத்து சார் தகவல் எழுதுகிறவர், அவருக்குச் சரி. பாசஞ்சர் கதை எழுதுகிறவள். இது வேறு கேஸ்.

கதைகளை வலைப்பூவில் போடாதே, அம்மா. போட்டி அறிவிப்புகளைப் படித்துப் பார். "வேறு எங்கும் பிரசுரமாகாத படைப்பு, இணையத்திலும் வெளியாகாதது" என்று தெளிவாக இருக்கும். பத்திரிகைகளும் அப்படித்தான். நீ இரண்டு வருஷம் பாடுபட்ட கதையைப் பத்துப் பேர் படிக்கிற இடத்தில் போட்டுவிட்டால், ஆயிரம் பேர் படிக்கிற இடம் மூடிக்கொள்ளும். பத்திரிகையில் வந்த கதையை, அந்த இதழ் கடையை விட்டுப் போன பிறகு, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உன் பக்கத்தில் போட்டுக்கொள். எந்த இதழ், எந்த மாதம் என்று மேலே எழுது. அப்போது உன் வலைப்பூ ஒரு பீரோ மாதிரி ஆகிவிடும், எல்லாம் ஒரே இடத்தில்.

இது எனக்கு எங்கே உதவியது என்றால், ஜனவரி புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்தில். ஒரு பதிப்பாளரின் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க கதையெல்லாம் எங்க படிக்கலாம்?" என்றார். இதழ் இதழாகத் தேடச் சொல்ல முடியுமா? முகவரியை எழுதிக் கொடுத்தேன். அந்த வருஷக் கடைசியில் தொகுப்பு வந்தது. இது இல்லை என்றால் என்னை யாருக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், சாருக்குப் பிடிக்காது. பதிவு எழுதி எழுதி என் கதையில் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. எதையும் விளக்கிவிடுவது. பதிவில் வாசகர் நடுவில் ஓடிவிடுவாரோ என்று ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கொக்கி போடுவோம் இல்லையா, அது கதைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மூத்த எழுத்தாளர் படித்துவிட்டு, "ஏம்மா இவ்ளோ அவசரம், நான் எங்கயும் போகல" என்றார். அதற்கப்புறம் கதை எழுதுகிற மாதங்களில் வலைப்பூ பக்கமே போவதில்லை.

ஈய எழுத்து

பிடிக்காமல் என்ன. கதையைப் போடாதே என்பது சரியான யோசனை, நான் சொல்லியிருக்க வேண்டியது, கதைக்காரி சொல்லிவிட்டார்.

மற்றதில் உடன்பாடு இல்லை. நான் திருத்திக் கொடுக்கிற சிறுகதைத் தொகுப்புகளில் அடிக்கடி பார்ப்பது இது: கதாநாயகன் "ஒரு தொழிற்சாலையில்" வேலை செய்வான். என்ன தொழிற்சாலை, அங்கே என்ன வாசனை, மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவான், ஒன்றும் இருக்காது. வலைப்பூவில் மில்லைப் பற்றி விவரமாக எழுதிப் பழகிய கை, கதையில் "ஒரு தொழிற்சாலை" என்று எழுதாது. கொக்கி போடுகிற பழக்கம் வருவது லைக்குக்காக எழுதுவதால். தேடி வருகிறவருக்குக் கொக்கி தேவையில்லை, அவரேதான் வந்தார்.

பட்டரவாக்கம் பாசஞ்சர்

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாகப் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. பிளாக்கரில் கணக்கு திறந்துவிட்டேன். கதைகளைப் போடப்போவதில்லை, அக்கா சொன்னபடி பீரோவுக்கு மட்டும்.

ஒரு சந்தேகம். ஆபீஸ், ரயில் சிநேகிதர்கள் என்று எழுதினால் பிரச்சினை வருமா? சொந்தக்காரர்கள் படித்துவிட்டுக் கேட்டால்?

ரயிலைப் பற்றி முயற்சி செய்து பார்த்ததைக் கீழே போடுகிறேன். திட்டினாலும் பரவாயில்லை.

"ரயில் பயணம் என்பது எல்லோருக்கும் பிடித்த ஒன்று. அதிலும் மின்சார ரயிலில் தினமும் செல்பவர்களுக்கு அது வாழ்க்கையின் ஒரு அங்கமாகவே ஆகிவிடுகிறது. கொரட்டூர் தாண்டியதும் பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். பட்டரவாக்கத்தில் வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான். சாப்பாட்டுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் மாட்டினால் ஏறுகிறவர்கள் பையோடு சேர்த்து நம்மையும் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிக்கொடுத்த அக்கா ஒரு வால்வு கம்பெனியில் பேக்கிங். அவர் பெயர் இன்று வரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் நான் வராவிட்டால் மறுநாள் 'ஏன், நேத்து லீவா?' என்று கேட்பார். அவர் வராத மறுநாள் நான் கேட்டதில்லை. கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும்."

நங்கநல்லூர் கதைக்காரி

சொந்தக்காரர்கள் படிக்க மாட்டார்கள், நிம்மதியாக இரு. என் நாத்தனாருக்கு நான் எழுதுவதே தொகுப்பு வந்த பிறகுதான் தெரியும். ஆபீஸ்காரர்கள்தான் படிப்பார்கள், அதுவும் ரகசியமாக. அதனால் உள்விவகாரம், சம்பளம், மேனேஜர் குணம் இதெல்லாம் வேண்டாம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதே, "எங்கள் செக்ஷனில் கண்ணாடி போட்ட குண்டு மனிதர்" என்றால் ஆபீஸுக்கே தெரியும் யாரென்று. கோபத்தில் எழுதியதை அன்றைக்கே வெளியிடாதே. டிராஃப்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கு.

பத்தி நன்றாக இருக்கிறது. கடைசி இரண்டு வாக்கியத்தில் ஒரு கதையே இருக்கிறது. அதை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துக்கொள், வலைப்பூவுக்குக் கொடுக்காதே!

ஈய எழுத்து

கதைக்காரி எல்லாவற்றையும் கதைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொடுத்தாலும் குறையாது, போடுங்கள்.

முதல் இரண்டு வாக்கியம் வேண்டாம். "எல்லோருக்கும் பிடித்த ஒன்று" என்பதில் நீங்கள் இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். "வாழ்க்கையின் ஒரு அங்கமாகவே" என்பதை நான் புரூஃபில் பார்க்காத வாரமே இல்லை. கொரட்டூரிலிருந்து ஆரம்பியுங்கள், வாசகரும் உங்களோடு எழுந்து நிற்பார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு பெரம்பூரில் ஏறுகிறீர்கள், எந்த வருஷம் என்று ஒரு வரி சேருங்கள். இன்றைக்கு அது அனாவசியமாகத் தோன்றும். வண்டி நேரம் மாறும், பெட்டி மாறும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில்தானே பெட்டி செய்கிறார்கள். 1955-இல் ஆரம்பித்ததிலிருந்து எத்தனை விதம் மாறியாயிற்று. தானியங்கிக் கதவு எல்லா வண்டிக்கும் வந்துவிட்டால், பையை முன்பக்கம் மாட்டுகிற சாமர்த்தியத்தைப் பற்றி எழுதி வைத்தவர் நீங்கள் ஒருத்தராகத்தான் இருப்பீர்கள்.

தலைப்பு "என் ரயில் பயணங்கள்" என்று வைத்துவிடாதீர்கள். "பட்டரவாக்கம், காலை வண்டி, பெண்கள் பெட்டி" என்று வையுங்கள், தேடுகிறவருக்குக் கிடைக்கும். பாட்டி விஷயம் என்ன ஆயிற்று?

பட்டரவாக்கம் பாசஞ்சர்

சார், பாட்டி இருக்கிறார், எங்களோடுதான். ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். நான் "மில் சங்கு" என்றதுமே, எந்தச் சங்குக்கு எந்த ஷிப்டு, எதற்கு உலை வைப்பார், எதற்குப் பிள்ளைகளைக் குளிக்க அனுப்புவார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தாத்தா கத்தித்தான் பேசுவாராம். சண்டை போடுகிறார் என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொள்வார்களாம். மில் மூடின பிறகும் கத்தல் குறையவில்லை என்றார். போனில் ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறேன், நடுநடுவே குக்கர் விசில். எழுதும்போது அவர் பேசுகிற மாதிரி வரவில்லை. இந்த ஆடியோவையே பதிவில் போட முடியுமா?

சர்வர் ரூம்

பிளாக்கரில் ஆடியோவை நேராக ஏற்ற முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசக் கணக்கு திறந்து அங்கே ஏற்றுங்கள், அவர்கள் தருகிற எம்பெட் கோடை பதிவின் ஹெச்.டி.எம்.எல் பக்கத்தில் ஒட்டினால் பதிவுக்குள்ளேயே ஓடும். அதற்கு முன் பாட்டியிடம் போட்டுக்காட்டி, ஊரெல்லாம் கேட்கலாமா என்று கேட்டுவிடுங்கள். குக்கர் விசிலை எடிட் செய்ய வேண்டாம். மூலக் கோப்பு போனில் மட்டும் இருந்தால் இன்றைக்கே ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.